வெயில் அடிக்கும்போதும் வெள்ளம் வரும்... பாபநாசம் போறீங்களா, இதைப் படிச்சிட்டுப் போங்க!

விக்கிரமசிங்கபுரம் பக்கம் போனால், பாபநாசம் படித்துறையிலோ அகஸ்தியர் அருவியிலோ ஒரு குளியல் போடாமல் யாரும் திரும்ப மாட்டாங்க. முழங்கால் அளவு தண்ணீர், பளிச்னு வெயில். 'மழையே இல்லையே, என்ன ஆகிடப்போகுது?'னு தோணும். ஆனால், நீங்க நிற்கிற இடத்தில் மழை பெய்யணும்னு அவசியமே இல்லை. மேலே மலையில் கொட்டினாலோ, 143 அடி உயர பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறந்தாலோ போதும்.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் பலர் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

தண்ணீர் ஏன் சுவர் மாதிரி வருது?

ஆழம் கூடக் கூட அலையின் வேகமும் கூடும். ஓரடி ஆழத்தில் அலை நிமிடத்துக்குச் சுமார் 100 மீட்டர் போகும். ஆறடி ஆழத்தில் அதுவே சுமார் 250 மீட்டர். ஆற்றின் ஓட்டமும் இதோடு சேர்ந்துகொள்ளும். அதனால், பின்னால் வரும் ஆழமான தண்ணீர், முன்னால் போகும் ஆழம் குறைந்த தண்ணீரைத் துரத்திப் பிடித்து அதன்மேல் ஏறிவிடும். சரிவாக இருந்த முகப்பு செங்குத்தாக நிமிரும். அதனால்தான், மட்டம் மெள்ள மெள்ள உயராமல் சட்டுனு ஏறுது.

வேகம் இரண்டு மடங்கானால், காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நீச்சல் தெரிந்தவராலும் அதில் நிற்க முடியாது.

தெருவிலும் இதே கதைதான்

மழைநீர் வடிகால் குழாய்களில் பெரும்பாலும் கீழே தண்ணீர், மேலே காற்று. திடீர்னு பெருக்கு வந்து குழாயை நிரப்பினால், உள்ளே மாட்டிய காற்று வெளியேற வழி தேடும். அந்த அழுத்தம் மேன்ஹோல் மூடியையே தூக்கிவிடும். தண்ணீர் தேங்கிய தெருவில் மூடி இல்லாத குழி கண்ணுக்கே தெரியாது. ஓரமாக, கம்பால் ஊன்றிப் பார்த்து நடங்க.

ஆற்றில் எதைக் கவனிக்கணும்?

* தெளிந்த தண்ணீர் திடீர்னு கலங்குவது
* சருகு, சுள்ளிகள் அதிகமாக மிதந்து வருவது
* மேலேயிருந்து வரும் இரைச்சல் கூடுவது
* சற்றுமுன் தெரிந்த படி மூழ்குவது

இதில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பு, பை எதையும் தேடாதீங்க. ஆற்றோட போக்கிலேயே ஓடினால் அலை உங்களை முந்திவிடும். பக்கத்துக் கரையில் மேடான இடத்துக்கு ஏறிடுங்க. ஆற்றின் நடுப் பாறையில் செல்ஃபியும் வேண்டாம். தண்ணீர் ஏறினால் அங்கிருந்து கரைக்கு வர வழியே இருக்காது.