வீட்டைச் சுத்தமாக வைப்பதில் நீங்கள் கெட்டிக்காரரா?

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே இருக்கிறது திருமுல்லைவாயில். அங்கே கோயில் கொண்டிருக்கும் இறைவன் பெயர் மாசிலாமணீசுவரர். மாசு இல்லாத மணி என்று பொருள்.

"உங்கள் வீடும் மாசு இல்லாததுதானா?" என்று கேட்டால், எந்த ஊரிலும் யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். பெருக்கித் துடைத்த கூடத்தைக் காட்டுவார்கள். சரிதான். ஆனால் டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு கூடத்தையா பார்க்கிறது?

வீட்டில் தேங்கி நிற்கும் தெளிந்த நீரே அதற்குப் பிரசவ அறை! மூடாத டிரம், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு எதுவும் போதும்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்ததா? தீராது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். சுமார் 10 நாளில் கொசு பறக்கும், பகலிலேயே கடிக்கும்!

ஆகவே வாரம் ஒரு முறை காலி செய்யுங்கள், உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், மூடி வையுங்கள். இது பெண்களுக்கு மட்டும் உள்ள வேலை அல்ல. ஆண்களே, நீங்களும் கை கொடுங்கள்!

இன்றைக்கே பிரிட்ஜின் பின்னால் எட்டிப் பாருங்கள். அங்கும் மாசில்லை என்றால், நீங்கள் கெட்டிக்காரர்தான்!