தாய்லாந்தில் 60, 90, 180 நாள்: விசாவோடு எவ்வளவு, விசா இல்லாமல் எவ்வளவு?

2023 நவம்பர் 10-க்கு முன்பு, விசா எடுக்காமல் இந்தியப் பாஸ்போர்ட்டோடு பாங்காக்கில் போய் இறங்கியவர் விமான நிலையத்தில் 2,000 பாத் கட்டி 15 நாள் தங்கலாம். நாளுக்கு 133 பாத். அந்தத் தேதியிலிருந்து 30 நாள் இலவசம் என்றார்கள். 2024 ஜூலை 15-ல் அது 60 நாள் ஆனது. இந்தியாவையும் சேர்த்து 93 நாடுகளுக்கு. எட்டே மாதத்தில் நமக்குக் கிடைக்கும் நாட்கள் நான்கு மடங்கு ஆயின, கட்டணமும் இல்லாமல் போனது.

ஓய்வு பெற்ற தம்பதி, அங்கே வேலை பார்க்கும் மகள் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகும் பெற்றோர், ஒரு குளிர்காலம் முழுக்கக் கடலோரத்தில் இருந்துவிட்டு வர நினைப்பவர் என்று நீண்ட நாள் தங்கப் போகும் எல்லோருக்கும் இப்போது ஒரே கேள்விதான். சும்மா போய் இறங்கிவிடலாமா, சுற்றுலா விசா எடுத்துக்கொண்டு போவது நல்லதா? கணக்கைப் பாத்தில் போடுகிறேன். ரூபாய்க்கு மாற்ற, ஒரு பாத் 2.70 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். விகிதம் ஏறி இறங்கினால் தொகை மாறும், முடிவு மாறாது.

முதலில் 60 நாள். விசா இல்லாமல் போனால் செலவு பூஜ்யம். ஒரு முறை நுழையும் சுற்றுலா விசாவுக்குத் தாய்லாந்துச் சட்டம் வைத்திருக்கும் அடிப்படைக் கட்டணம் 1,000 பாத், அதாவது 2,700 ரூபாய். தூதரகம் தன் விகிதத்தில் ரூபாயாக வாங்கும். இ-விசா தளத்தின் திரையில் வருவதுதான் உண்மையான தொகை. விண்ணப்பத்தை நிராகரித்தாலும் அது திரும்பாது. இந்த விசா கொடுப்பதும் அதே 60 நாள்தான். ஆக, இரண்டு மாதத்துக்குள் திரும்புகிறவர் இதற்குப் பணம் கட்டுவது வீண்.

90 நாளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். எந்த வழியில் நுழைந்திருந்தாலும் குடிநுழைவு அலுவலகத்தில் 1,900 பாத் (5,130 ரூபாய்) கட்டி 30 நாள் நீட்டிப்பு கேட்கலாம். இலவசமாக நுழைந்தவருக்கு 90 நாளுக்கு மொத்தம் 1,900 பாத்; நாளுக்கு 21. விசாவோடு நுழைந்தவருக்கு 2,900 பாத், நாளுக்கு 32. கூடுதலாகக் கொடுத்த ஆயிரத்துக்கு ஒரு நாள்கூட அதிகம் கிடைக்கவில்லை.

நாளை எண்ணும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். முத்திரை விழுந்த நாளே முதல் நாள். 2027 ஜனவரி 1 அன்று நுழைந்தவரின் 60-ஆம் நாள் மார்ச் 1. இரண்டு மாதம் என்று மனக்கணக்கு போடுகிறவருக்கு ஜனவரி 31-ல் நுழைந்தாலும் மார்ச் 31 வரை இருக்கிறது என்று தோன்றும். அந்தக் கணக்கு அங்கே தற்செயலாகப் பொருந்திவிடும், மார்ச் 31 சரியாக 60-ஆம் நாள். மாறாக ஜூலை 1-ல் நுழைந்தவர் ஆகஸ்ட் 31 வரை என்று நினைத்தால் இரண்டு நாள் கூடிவிடும். அவருடைய 60-ஆம் நாள் ஆகஸ்ட் 29. அதனால் மாதத்தை விட்டுவிட்டு, அதிகாரி குத்திய தேதியை மட்டும் பாருங்கள். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானம் என்றால், கடைசித் தேதி முடிவதற்குள் பாஸ்போர்ட் சோதனையைக் கடந்திருக்க வேண்டும்.

நீட்டிப்புக்குப் பாங்காக்கில் இருப்பவர்கள் செங் வத்தனா அரசு வளாகத்துக்குப் போக வேண்டும். டிஎம்-7 படிவம், 4-க்கு 6 சென்டிமீட்டர் புகைப்படம் ஒன்று, பாஸ்போர்ட் நகல்கள், 1,900 பாத். இவற்றோடு இன்னொரு தாள் உண்டு. ஆட்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அதுதான். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் டிஎம்-30 என்ற பதிவைச் செய்திருக்க வேண்டும். ஓட்டல்கள் தாமாகவே செய்துவிடும். தனியார் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் முதல் நாளே கேட்டு அந்த ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். சற்று முன்கூட்டியே நீட்டிப்புக்குப் போனாலும் நாள் நஷ்டமில்லை. பழைய கெடு முடியும் தேதிக்கு மேல்தான் 30 நாளைச் சேர்ப்பார்கள்.

நீட்டிப்பு வாங்காமல் கூடுதலாக இருந்தால் அபராதம் நாளுக்கு 500 பாத், உச்சவரம்பு 20,000. 30 நாளுக்கு 15,000 பாத். நீட்டிப்புக் கட்டணத்தைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. ஆனால் மூன்று நாள்தான் கூடுதல் என்றால் அபராதம் 1,500, நீட்டிப்பு 1,900. இங்கேதான் மனம் சபலப்படும். மிச்சம் 400 பாத், 1,080 ரூபாய். அந்தத் தொகைக்காகச் சட்டவிரோதமாக மூன்று நாள் நடமாடி, வழியில் ஒரு சோதனையில் பிடிபட்டால், ஓராண்டுக்கும் குறைவாகத் தங்கியவருக்கே 5 ஆண்டு நுழைவுத் தடை. தாமாகவே விமான நிலையத்துக்கு வந்தவர்கள்கூட 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கியிருந்தால் ஓராண்டு உள்ளே வர முடியாது. தயவுசெய்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

கேள்வி கனமாவது 90-ஐத் தாண்டும்போதுதான். ஆறு மாதம் தங்க இரண்டு வழி உண்டு.

இலவச வழி: 60-உம் 30-உம் இருந்துவிட்டு நாட்டைவிட்டு வெளியே போய் மறுபடி நுழைந்து இன்னொரு 60-உம் 30-உம். இரண்டு நீட்டிப்புக்கு 3,800 பாத்.

விசா வழி: பலமுறை நுழையும் சுற்றுலா விசா, அடிப்படைக் கட்டணம் 5,000 பாத். ஆறு மாதம் செல்லும். ஒவ்வொரு நுழைவுக்கும் 60 நாள், அதன்மேல் 30 நாள் நீட்டிப்பு. 180 நாளுக்கு 5,000-உம் இரண்டு நீட்டிப்பும் சேர்ந்து 8,800 பாத், நாளுக்கு 49.

இடையில் எல்லை தாண்டும் செலவு இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் 5,000 பாத், 13,500 ரூபாய். இதைக் கொடுத்து நாம் வாங்குவது என்ன?

இரண்டாவது நுழைவுக்கான பிடிமானத்தை வாங்குகிறோம். விசா இல்லாத நுழைவு என்பது சலுகை. தரை எல்லை வழியாக அப்படி ஓர் ஆண்டில் இரண்டு முறைதான் நுழையலாம். விமான நிலையத்திலும் பாஸ்போர்ட்டைப் புரட்டும் அதிகாரிக்கு இவர் சுற்றுலாப் பயணி இல்லை, இங்கேயே குடியிருப்பவர் என்று தோன்றினால் மறுக்கலாம். 2025 நவம்பரில் குடிநுழைவுத் துறை இதை வெளிப்படையாகவே சொன்னது: தக்க காரணம் இல்லாமல் இரண்டு முறைக்கு மேல் இப்படிப் போய்வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவோம் என்று. விசா வைத்திருப்பவரையும் கேள்வி கேட்கலாம்தான். ஆனால் பலமுறை நுழையலாம் என்று அவர்களே கொடுத்த தாள் கையில் இருக்கும்போது பேச்சின் தொனி வேறு.

திருப்பி அனுப்பினால் என்ன செலவாகும் என்று கணக்கிடுவோம். மாத வாடகை 12,000 பாத் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத முன்பணம் 24,000, கட்டிவிட்ட ஒரு மாத வாடகை 12,000, அவசரத்துக்கு வாங்கும் ஊர் திரும்பும் டிக்கெட் 8,000. மொத்தம் 44,000 பாத், 1,18,800 ரூபாய். பூட்டிய வீட்டுக்குள் கிடக்கும் துணிமணியும் மாத்திரையும் இதில் சேரவில்லை. 5,000-ஐ 44,000-ஆல் வகுத்தால் 11 சதவீதம். திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்றுக்கு மேல் என்று தோன்றினால் விசாக் கட்டணம் லாபம். முதல் முறை போகிறவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே இரண்டு மூன்று நீண்ட தங்கல்களின் முத்திரை வரிசையாக இருப்பவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

பலமுறை விசாவில் இன்னொரு வரவும் உண்டு. விசா கிடைத்த பத்தாம் நாள் நுழைந்து, செல்லுபடியாகும் கடைசி நாட்களில் மூன்றாம் முறை நுழைந்தால், மொத்தம் 260 நாள் அளவுக்குத் தங்கலாம். செலவு 10,700 பாத், நாளுக்கு 41. ஆனால் இதை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும், அங்கே போன பிறகு கிடைக்காது. வங்கியில் ஆளுக்கு 2,00,000 பாத் (5,40,000 ரூபாய்) அளவுக்கு இருப்பும் காட்ட வேண்டும். மடிக்கணினியில் வேலை பார்த்தபடி இருக்கப் போகிறவர்களுக்கு இந்த இரண்டுமே சரியான வழி இல்லை; அவர்களுக்கென 2024-ல் வந்த 10,000 பாத், 5 ஆண்டு விசா தனியாக இருக்கிறது, 5,00,000 பாத் இருப்போடு.

வரியும் குறுக்கே நிற்கிறது. ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் இருந்துவிட்டால் தாய்லாந்தின் வரிக் கணக்கில் நீங்கள் அந்நாட்டுவாசி. 2024 ஜனவரி 1 முதல் அப்படிப்பட்டவர் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானமும் அங்கே வரி வரம்புக்குள் வருகிறது. இரண்டு தொண்ணூறு சேர்ந்தால் சரியாக 180. ஜனவரியில் தொடங்குகிறவர் இரண்டு மூன்று நாள் முன்னதாகக் கிளம்பட்டும். அக்டோபரில் தொடங்கினால் நாட்கள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிந்துவிடும், இந்தத் தொல்லையே இல்லை.

கடைசியாக ஒன்று. இலவச நாட்களை 60-லிருந்து 30 ஆக்கும் பேச்சு 2025-லேயே அங்கே அரசு மட்டத்தில் எழுந்தது. 30 ஆகும் நாளில் இலவச வழியில் நீட்டிப்போடு 60 நாள்தான் கிடைக்கும். 1,000 பாத் விசாவில் 90. கூடுதல் 30 நாளுக்கு நாளுக்கு 33 பாத். இன்று வீண் என்று சொன்ன அதே விசா அன்று மிக மலிவான சரக்காகிவிடும். எனவே டிக்கெட் எடுக்கும் வாரத்தில் எத்தனை நாள் இலவசம் என்பதைத் தூதரகத் தளத்தில் பாருங்கள். 60 என்றே இருந்தால், 90 நாள் வரை விசாவுக்குக் காசு கட்டாதீர்கள். அதற்கு மேல் தங்குவதென்றால் அந்த 5,000 பாத்தில் கை வைக்காதீர்கள்.