காந்தம் வைத்தால் எண்ணெய் சூட்டை வேகமாகக் கடத்துமா?

சித்திரை வெயிலில் மீன்சுருட்டித் தெருமுனை டிரான்ஸ்பார்மரின் சூட்டை வெளியே கொண்டுவருவது உள்ளிருக்கும் எண்ணெய். ஆனால் வெப்பக் கடத்தலில் எண்ணெய் தண்ணீரைவிட மந்தம். காந்தத்தால் அதை முடுக்க முடியுமா?

முடியும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப், ஷீமா, பல்தேவ் ராஜ் ஆகியோர் 2007இல் இதைக் காட்டினார்கள். சராசரி 6.7 நானோமீட்டர் அகலமுள்ள மேக்னடைட் எனும் இரும்பு ஆக்சைடுத் துகள்களை எண்ணெயில் கலந்தார்கள். கனஅளவில் 6.3 சதவீதம். இத்தகைய துகள்கள் கட்டிதட்டாமலிருக்கப் பெரும்பாலும் ஒலியிக் அமிலப் பூச்சு போடுவார்கள். நம் கடலை எண்ணெயில் நிறைய இருக்கும் அதே அமிலம்தான்.

காந்தப்புலம் இல்லாதபோது துகள்கள் தாறுமாறாக அலைகின்றன, பலன் சொற்பம். புலம் வந்ததும் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தமாகி, தலையும் வாலுமாகக் கோத்துச் சங்கிலியாகிறது. கொத்தனார்கள் வரிசையில் நின்று செங்கல் கைமாற்றுவதுபோல வெப்பம் அதன்வழி ஓடுகிறது. கடத்துதிறன் நான்கு மடங்கானது!

இந்த நான்கு மடங்கைவிட எனக்குச் சுவையானது திசை. புலம் வெப்பம் பாயும் திசையிலேயே இருக்கவேண்டும். குறுக்கே திருப்பினால் ஆதாயம் போயிற்று. புலத்தை அளவுமீறி ஏற்றினாலோ சங்கிலிகள் பக்கவாட்டில் ஒட்டித் தடித்து, கடத்தல் மறுபடி குறைகிறது.