மதுரையில் இருப்பவர் டாக்டரா, மகளா?

‘ஐ மெட் த டாட்டர் ஆஃப் த டாக்டர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை.’ இதில் மதுரையில் இருப்பது டாக்டரா, அவர் மகளா? ஆங்கில இலக்கணம் இரண்டுக்குமே இடம் தருகிறது.

இதில் ‘ஹூ லிவ்ஸ் இன் மதுரை’ துணை வாக்கியம், மற்றது முதன்மை வாக்கியம். முதன்மை வாக்கியம் தன் காலில் நிற்கும். துணை வாக்கியத்துக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். ‘வென்’, ‘இஃப்’ என்று தொடங்குபவை பெரும்பாலும் முதன்மை வாக்கியத்தின் வினையைப் பற்றும். ‘ஹூ’, ‘விச்’ பெரும்பாலும் முன்னால் வந்த பெயரைப் பற்றும். முன்னால் இரண்டு பெயர்கள் இருந்தால்தான் சிக்கல்.

1988-இல் குவெட்டோஸ், மிட்செல் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். இப்படிப்பட்ட வாக்கியங்களில் ஆங்கிலம் பேசுவோர் அருகில் இருக்கும் பெயரின் பக்கம் சாய்ந்தார்கள். ஸ்பானிஷ் பேசுவோர் முதல் பெயரின் பக்கம். மனித மூளை எல்லா மொழியிலும் ஒரே வழியில்தான் வாக்கியத்தைப் பிரிக்கும் என்ற நம்பிக்கையை அந்த முடிவு ஆட்டம் காணச் செய்தது.

வினையைப் பற்றும் வாக்கியமும் குழப்பும். ‘ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஹி வாஸ் ஆங்க்ரி’ என்றால், ராஜினாமா செய்யவில்லை, அதற்குக் காரணம் கோபம் என்றும் கொள்ளலாம்; ராஜினாமா செய்தார், ஆனால் காரணம் கோபமல்ல என்றும் கொள்ளலாம். ‘நாட்’ எதை மறுக்கிறது என்பதில்தான் வேறுபாடு. ‘பிகாஸ்’ முன் ஒரு காற்புள்ளி வைத்தால் முதல் பொருளே மேலோங்கும்.

துணை வாக்கியத்தை நடுவில் செருகினால் வேறொரு எல்லை தெரியும். ‘த ராட் த கேட் சேஸ்ட் எஸ்கேப்ட்’: பூனை துரத்திய எலி தப்பியது. இன்னொன்றையும் உள்ளே செருகி, ‘த ராட் த கேட் த டாக் பிட் சேஸ்ட் எஸ்கேப்ட்’ என்றால் கேட்பவர் திணறிப்போவார். இலக்கணப்படி பிழையில்லை, நினைவுதான் தாங்காது என்று மில்லரும் சாம்ஸ்கியும் 1963-இல் விளக்கினார்கள். அதே செய்தியை வலப்பக்கம் நீட்டி, ‘த டாக் பிட் த கேட் தட் சேஸ்ட் த ராட் தட் எஸ்கேப்ட்’ என்றால் எளிதாகப் புரிகிறது.

மதுரை வாக்கியத்தில் மகள்கள் பலராக இருந்தால் வினையே தீர்த்துவைக்கும்: ‘ஹூ லிவ்’ என்றால் மகள்கள், ‘ஹூ லிவ்ஸ்’ என்றால் டாக்டர். ஒரே மகள் என்றால் ‘த டாக்டர்ஸ் டாட்டர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை’ என்று மாற்றிவிடலாம். அப்போது ‘ஹூ’ மகளைத் தவிர வேறு யாரையும் பற்றாது.