நெல் வயலில் மீத்தேனைக் குறைக்கும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்'

2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை எட்டுவதாக 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. இதில் நெல் விவசாயிகளும் உதவலாம். வயலில் எப்போதும் நீர் தேங்கினால், காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிரிகள் மீத்தேனை உருவாக்கும். நீர் மறைந்து மண்ணில் காற்று புகுந்தால் அது குறையும்.

30 செ.மீ. நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதியை வயலில் பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை அகற்றுங்கள். நட்ட இரண்டு வாரம் வரை களை வராமல் நீர் நிறுத்துங்கள். பிறகு, குழாயில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டுங்கள். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடாதீர்கள், பதர் அதிகமாகும். முறையாகச் செய்தால் மகசூல் குறையாது. மிச்சமாகும் தண்ணீர் வறட்சி ஆண்டில் கைகொடுக்கும்.