வளர்ந்தோர் கல்வியும் தொழில் வாய்ப்பும்

பகல் முழுவதும் உழைத்துக் களைத்த ஒருவர் மாலையிலே வளர்ந்தோர் வகுப்புக்கு வந்து அமர்கின்றார். அவர் தேடி வந்தது இலக்கணத்தையன்று. இப்போதுள்ளதிலும் சற்று மேலான ஒரு வேலையை. எழுத்தும் எண்ணும் கைவந்தால் அவ்வேலை கிட்டும் என்பது அவருடைய நம்பிக்கை. வகுப்பை நடத்துவோரும் அந்நம்பிக்கையை ஊட்டியே அவரைச் சேர்த்துக்கொள்கின்றனர். ஆயின், ஈராண்டு மூவாண்டு கழிந்தபின் அவர் எங்கே நிற்கின்றார் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வாறு எண்ணிப் பார்த்த ஓரிடத்தின் வரலாற்றை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று.

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலே, பசுபிக் சமுத்திரத்தை அடுத்து இருப்பது வொஷிங்டன் மாநிலம். அந்நாட்டின் தலைநகருக்கும் அதுவே பெயராயினும் அது நாட்டின் மறுகோடியில் உள்ளது. இம்மாநிலத்திலே 34 சமூகக் கல்லூரிகளும் தொழினுட்பக் கல்லூரிகளும் இருக்கின்றன. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களும், பிற நாடுகளிலிருந்து குடியேறி ஆங்கிலம் அறியாது இடர்ப்படுவோரும் அடிப்படைக் கல்வி பெறுவதற்கு இக்கல்லூரிகளை நாடுகின்றனர். தொழில் பழக்கும் பட்டறையும் அதே வளவுக்குள் இருக்கின்றது. எனினும் வகுப்பறைக்கும் பட்டறைக்கும் இடையே நெடுந்தூரம் இருந்தது. முதலில் ஆங்கிலம், பின்னர் கணிதம், அதன்பின் உயர்நிலைப் பள்ளித் தராதரத்துக்கு ஈடான பரீட்சை, அதனையும் தாண்டிய பின்னரே தொழிற்கல்வி என்பது வழக்கமாயிருந்தது.

இவ்வழியே சென்றவர்களின் கதி யாதாயிற்று? டேவிட் பிரின்ஸ், டேவிஸ் ஜென்கின்ஸ் என்னும் இருவர், இருபத்தைந்து வயதும் அதற்கு மேலுமான ஏறத்தாழ 35,000 மாணவரின் பதிவுகளை ஐந்தாண்டுக் காலத்துக்குத் தொடர்ந்து ஆராய்ந்து, 2005இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஆங்கில மொழி வகுப்பிலே தொடங்கியோரில் நூற்றுக்கு 13 பேரே கல்லூரிப் பாடம் எதிலேனும் தேறினர். அடிப்படைக் கல்வி வகுப்பிலே தொடங்கியோரில் 30 பேர். ஓராண்டுப் படிப்பின் அளவை எட்டினோரோ, சான்றிதழோ பட்டமோ பெற்றோரோ நூற்றுக்கு 4 முதல் 6 பேர்தாம்.

அச்சிலர் பெற்ற பயன் சிறிதன்று. ஓராண்டுக்கான கல்லூரிப் பாடங்களை முடித்து ஒரு சான்றிதழும் பெற்றவர், பெயரளவிற் சில பாடங்களைப் படித்து நின்றவரிலும் கூடுதலாக உழைத்தனர். ஆங்கில வகுப்பிலே தொடங்கியவருக்கு ஆண்டுக்கு 7,000 டொலரும், அடிப்படைக் கல்வியிலே தொடங்கியவருக்கு 8,500 டொலரும் வேறுபாடு காணப்பட்டது. அவ்வளவு தூரம் செல்லக்கூடியவர் இயல்பாகவே ஊக்கம் மிக்கவராயிருந்திருக்கலாம். ஆதலின் வேறுபாடு முழுவதையும் படிப்பின் கணக்கில் எழுதிவிடல் ஆகாது. ஆயினும் பயன் வழியின் முடிவிலே கிடந்தது என்பதும், பெரும்பாலோர் வழியின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டனர் என்பதும் ஐயமற்ற உண்மைகள்.

அவர்கள் சோம்பேறிகளாதலால் நின்றாரல்லர். வளர்ந்தவருக்குக் குழந்தையும் உண்டு, வாடகையும் உண்டு. மூன்றாம் படியிலே கிடைக்கும் தொழிலுக்காக முதற் படியிலே இரண்டாண்டு காத்திருக்க அவராற் கூடுவதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு வகுத்த வரிசையை நாற்பது வயதுக்காரர்மீது சுமத்தியதே அடிப்படைத் தவறு.

இதனை உணர்ந்த அம்மாநிலத்தார் 2004இல் பத்துக் கல்லூரிகளிலே ஒரு பரீட்சார்த்த முயற்சியைத் தொடங்கினர். அடிப்படைக் கல்வியையும் தொழிற்பயிற்சியையும் ஒன்றன்பின் ஒன்றாக அன்றி, ஒருங்கே கற்பிப்பது இதன் நோக்கம். ஒரே வகுப்பிலே இரண்டு ஆசிரியர்: ஒருவர் தொழில் அறிந்தவர், மற்றவர் மொழியும் கணிதமும் கற்பிப்பவர். பாட நேரத்திற் பாதிக்குக் குறையாமல் இருவரும் சேர்ந்தே வகுப்பில் இருத்தல் வேண்டும் என்பது விதி. பின்னர் இம்முறை மாநிலத்தின் கல்லூரிகள் அனைத்துக்கும் பரவியது.

வகுப்பிலே நடப்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தாதியருக்கு உதவியாளராக வேலை பார்க்க விரும்பும் ஒரு பெண், நோயாளி அருந்திய பானங்களைக் குறித்து வைக்கப் பழகல் வேண்டும். குவளையிலே இருந்த பழரசம் 4 அவுன்சு. பதிவேட்டிலோ மில்லிலீற்றரில் எழுதல் வேண்டும். ஓர் அவுன்சு ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் என்று தொழிலாசிரியர் சொல்கின்றார். பெருக்கல் வராமல் அப்பெண் திகைக்கும்போது, அருகில் இருக்கும் மற்ற ஆசிரியர் அவ்விடத்திலேயே பெருக்கலைக் கற்பிக்கின்றார். 120 என்று எழுதியவுடன் அவர் கணக்கும் கற்றார், தொழிலும் கற்றார். நோயாளி எவ்வளவு அருந்தினார் என்பதைப் பிழையாக எழுதினால் தாதியும் வைத்தியரும் பிழையான முடிவுக்கு வருவர் என்று உணர்ந்தவருக்கு அக்கணக்கு மறப்பதில்லை.

வெல்டிங் பட்டறையிலும் அவ்வாறே. அந்நாட்டு அளவுநாடாவில் அங்குலம் பதினாறு கூறாகப் பகுக்கப்பட்டிருக்கும். எட்டில் மூன்று அங்குலத் தடிப்புள்ள தகட்டின்மேல் பதினாறில் ஐந்து அங்குலத் தகட்டை வைத்தால் மொத்தத் தடிப்பு என்ன? கரும்பலகையிலே இக்கேள்வியைக் கண்டு பள்ளியை விட்டு ஓடியவர், அளவுநாடாவிலே கோடுகளை எண்ணிப் பதினாறில் பதினொன்று என்கின்றார். பின்னங்களைக் கூட்டும்போது கீழ் எண்ணை ஏன் ஒன்றாக்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்குகின்றது. பள்ளிக்கூடங்களிலே பின்னம் கற்பிப்போர் இதனைச் சற்றுச் சிந்தித்தல் தகும்.

இரண்டு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது எங்ஙனம் என்று எவரும் கேட்பர். சாதாரண மாணவர் ஒருவருக்குக் கல்லூரி பெறும் பணம் ஒரு பங்காயின், இவ்வகுப்பு மாணவருக்கு ஒன்றேமுக்காற் பங்கு தர அம்மாநிலம் இசைந்தது. இவ்வொழுங்கு இல்லாவிடில் முயற்சி பத்துக் கல்லூரிகளோடு நின்றிருக்கும். எனினும் மாணவரின் கட்டணம் வேறொரு தடையாயிற்று. உயர்நிலைப் பள்ளித் தராதரம் இல்லாமற் புதிதாய்ச் சேர்வோருக்கு மத்திய அரசின் உதவிப் பணம் 2012 யூலை முதல் மறுக்கப்பட்டது. யாருக்காக இவ்வகுப்பு அமைந்ததோ அவர்களே வாயிலில் நிறுத்தப்பட்டனர். அடிப்படைக் கல்வியும் தொழிற்கல்வியும் இணைந்த பாடநெறியிற் சேர்வோருக்கு மட்டும் அவ்வாயிலை மீளத் திறந்த சட்டம் 2014 டிசெம்பரிலேதான் வந்தது.

இனி, விளைவு யாது? 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இம்முறையால் மூன்றாண்டுக்குள் சான்றிதழ் பெறுவோரின் வீதம் நூற்றுக்கு 7.5 என்னும் அளவாற் கூடியது எனக் கண்டது. குலுக்கல் முறையால் இரு பிரிவாக்கி மூன்று கல்லூரிகளிலே ஒப்பிட்ட மற்றோர் ஆய்வும் 2018இல் அதே திசையையே காட்டியது. ஆயின் வேலையிலும் வேதனத்திலும் உயர்வு காணப்படவில்லை என்று 2010ஆம் ஆண்டு ஆய்வு ஒளிவின்றிக் கூறியது. அம்மாணவர் வேலை தேடிப் புறப்பட்ட காலம், 2007இன் இறுதியிலே தொடங்கிய பொருளாதார மந்தம் அந்நாட்டைப் பிடித்த காலம். வகுப்பு ஒருவரை வேலையின் வாயில்வரை கொண்டுசெல்லலாம். உள்ளே இடம் இருத்தல் வேண்டுமன்றோ? ஆதலினாற்றான் எத்தொழிலுக்கு ஆள் தேவை என்று முதலில் விசாரித்து, அதன் பின்னரே பாடநெறி வகுக்குமாறு அக்கல்லூரிகள் பணிக்கப்பட்டன.

இலங்கையிலே நிலைமை வேறு. இங்கே பலருக்குத் தொழில் முன்னரே தெரியும், இல்லாதது பத்திரம். தேசிய தொழிற்றகைமை முறை ஏழு படிகளை உடையது. வகுப்பிற் படியாமல் வேலைத்தலத்திலே பழகியவரும், முன்கற்றலை அங்கீகரிக்கும் ஒழுங்கின்படி, மதிப்பீட்டாளர் முன்னிலையிலே செய்துகாட்டி அச்சான்றிதழைப் பெறலாம். இருபதாண்டு சுவர் கட்டிய மேசன் ஒருவருக்குச் செய்துகாட்டுவதில் அச்சமில்லை. தாம் எங்கெங்கே என்னென்ன வேலை செய்தார் என்பதற்குச் சான்று திரட்டுவதும், விண்ணப்பத்தை நிரப்புவதும், கேட்ட கேள்வியை வாசித்து விளங்குவதுமே அவரைத் தயங்க வைக்கின்றன. பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்க நாணி விண்ணப்பத்தை மடித்து வைத்துவிடுவோரும் உளர்.

அத்தகையவர் மாலை வகுப்புக்கு வரின், அவருக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. அவ்விண்ணப்பமே அவருக்கு முதற் பாடநூலாகலாம். பெயர், பிறந்த திகதி, செய்த தொழில், சேவைக்காலம் என்ற நாலு சொற்களை முதல் வாரத்திலே வாசிப்பார். ஒரு சதுர யார் சுவருக்கு எத்தனை கல், எத்தனை மூடை சீமெந்து என்பதை அவர் மனத்திலே கணக்கிட்டு வருபவர். அதனைக் கடதாசியில் இறக்குவது அடுத்த வாரப் பாடம். ஊரிலே பேர்பெற்ற மேசன் ஒருவரையும் வாரத்தில் ஒரு நாள் அவ்வகுப்பிலே ஆசிரியரின் அருகில் இருத்திக்கொள்ளலாம்.