செல்போனுக்கு எப்படித் திசை தெரிகிறது?

பேசி முடித்துக் காதிலிருந்து எடுத்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது. இணைப்பைத் துண்டிக்கவும் முடியவில்லை, எதிர்முனையில் இருப்பவரோ இன்னும் ‘ஹலோ, ஹலோ’ என்கிறார். ‘டிஸ்ப்ளே போயிடுச்சு’ என்ற பதற்றத்தோடு சர்வீஸ் கடைக்கு ஓடுகிறவர்களில் பலருக்கு, கடைக்காரர் நியாயமானவராக இருந்தால், ஒரு டெம்பர்ட் கிளாஸ் விலைதான் செலவு. சில சமயம் அதுவும் இல்லை. மேல் விளிம்பைத் துணியால் அழுத்தித் துடைத்தாலே சரியாகிவிடும்.

பெரும்பாலான போன்களில் காதுப் பக்கத்து ஸ்பீக்கரை ஒட்டி ஒரு சிறு சென்சார் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒளி பட்டுத் திரும்பினால் காது அருகில் இருக்கிறது என்று பொருள். உடனே திரையை அணைத்துவிடும், இல்லாவிட்டால் நம் கன்னமே ‘மியூட்’ பொத்தானை அழுத்திவிடுமே! கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளி ஒட்டினாலோ, முகத்துப் பவுடரும் எண்ணெயும் அங்கே படிந்தாலோ, காது விலகியது அதற்குத் தெரிவதில்லை.

போன் வாங்கப் போனால் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது, பேட்டரி. உள்ளே இப்படிச் சத்தமில்லாமல் வேலை பார்க்கும் சென்சார்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. ஆனால் 2007 ஜனவரியில் முதல் ஐபோனை மேடையில் காட்டிய ஸ்டீவ் ஜாப்ஸ், மூன்று சென்சார்களைத் தனியாக எடுத்துச் சொன்னார். காது அருகில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று, வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையைக் கூட்டிக் குறைப்பது ஒன்று, அசைவை உணர்வது ஒன்று. 2009-ல் ஐபோனில் திசைகாட்டி சேர்ந்தது. 2010-ல், ஐபேட் வெளிவந்த அதே வருடம், சுழற்சியை உணரும் கைரோஸ்கோப் போனுக்குள் நுழைந்தது. காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரும் பின்னாலேயே வந்தது. இவற்றில் பலவற்றுக்கு இன்டர்நெட்டும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்.

அசைவை உணர்வதை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பெயர் ஆக்சிலரோமீட்டர். சிலிக்கான் துண்டில் செதுக்கிய, மணலைவிடச் சிறிய ஒரு எடை நுண்ணிய கம்பிச்சுருள் போன்ற கைகளில் தொங்குகிறது. போன் அசைந்தால் அந்த எடை ஒரு மயிரிழை விலகும், அந்த விலகல் மின்னளவாக மாறும். போன் சும்மா கிடந்தாலும் பூமி இழுத்துக்கொண்டுதானே இருக்கிறது? அதனால் ‘கீழே’ எந்தப் பக்கம் என்பது அதற்கு எப்போதும் தெரியும். போனைச் சாய்த்தால் படம் திரும்புவது அதனால்தான். காலை நடையின் எண்ணிக்கையும் இதன் கணக்கே. குண்டும் குழியுமான சாலையில் பைக்கில் போகும்போதும் சில அடிகளை நடந்ததாக அது சேர்த்துக்கொள்ளும். பத்தாயிரம் அடி நடந்துவிட்டேன் என்று பெருமைப்படுபவர்கள் தார் போட்ட சாலையில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

இதே சென்சாரால் போன் ரசமட்டமாகவும் ஆகும். ஐபோனில் அளவு எடுக்கும் செயலிக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது, ஆண்ட்ராய்டில் இலவசச் செயலிகள் நிறைய. வாஷிங் மெஷின் சுற்றும்போது சமையலறை வரை நடந்து வருகிறதா? மெக்கானிக்கை அழைப்பதற்கு முன், போனை அதன் மேல் வைத்துப் பாருங்கள். தரை சாய்ந்திருந்தால் எந்தக் காலைத் திருகி உயர்த்த வேண்டும் என்று தெரிந்துவிடும். மல்லாக்க வைக்காதீர்கள். கேமரா புடைத்துக்கொண்டிருப்பதால் கணக்கு தப்பும், பக்கவாட்டு விளிம்பில் நிறுத்தி வைக்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டத்துக்கு இது ஈடில்லைதான், ஆனாலும் ஃபிரிட்ஜுக்கும் சுவரில் மாட்டும் படத்துக்கும் போதும்.

அடுத்தது திசை. மனை பார்க்கப் போகிற இடத்தில் இப்போது வாஸ்து நிபுணர் பையிலிருந்து எடுப்பது பெரும்பாலும் செல்போனைத்தான். ஈசானிய மூலை எங்கே, சமையலறை அக்னி மூலையில் விழுகிறதா என்று திரையில் ஓடும் முள்ளைப் பார்த்து முடிவாகிறது. அந்த போன் மாட்டியிருக்கும் உறை, காந்தம் வைத்து மூடுகிற ஃபிளிப் கவர்! பூமியின் காந்தப் புலம் மிக மென்மையானது, இடத்தைப் பொறுத்து 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான். ஒட்டிக்கிடக்கும் கவரின் காந்தம் அதை எளிதாக விழுங்கிவிடும். காரில் போனை ஒட்டவைக்கும் காந்த ஸ்டாண்டும் அப்படியே. கட்டி முடித்த வீட்டுக்குள் நின்று பார்த்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளும் தங்கள் பங்குக்கு இழுக்கும். வாஸ்துவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நம்புகிறவர்களாவது கவரைக் கழற்றிவிட்டு, வெட்டவெளியில் நின்று பார்க்கட்டும், ஒரு கவரின் காந்தத்துக்காக நல்ல சுவரை இடித்துவிட வேண்டாம். முள் தடுமாறினால் போனைக் காற்றில் எட்டு வடிவில் சில முறை சுழற்றினால் நிதானத்துக்கு வரும். டிரைவிங் டெஸ்டில் வண்டியால் போடும் எட்டை இங்கே கையால் போட வேண்டும், அவ்வளவுதான்.

திசை தெரிந்தால் போதுமா, நிற்கும் இடம் தெரிய வேண்டாமா? ஜிபிஎஸ் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. நம் போன் செயற்கைக்கோளோடு ‘பேசுகிறது’ என்றும், நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்றும் நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அணுக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ‘இப்போது மணி இவ்வளவு, நான் இருப்பது இங்கே’ என்று ஒலிபரப்பியபடி இருக்கின்றன. போன் அதைக் கேட்கிறது, பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சேதி எவ்வளவு நேரம் தாமதித்து வந்தது என்று பார்த்து, தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தரையில் 300 மீட்டர் தவறிவிடும். ஐன்ஸ்டைன் சொன்னபடி மேலே கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி வேகமாக ஓடும், அதையும் கணக்கில் கழித்துவிட்டுத்தான் நமக்குப் பக்கத்துத் தெரு பிரியாணிக் கடையைக் காட்டுகிறது.

நெட் தேவைப்படுவது வரைபடத்துக்குத்தான். 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள், கிளம்புவதற்கு முன் வீட்டு வைஃபையிலேயே அந்தப் பகுதியின் கூகுள் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் போன பிறகும் நீலப் புள்ளி கூடவே நகரும்.

இந்த வசதி பொழுதுபோக்காக இல்லாமல் பிழைப்பாக இருப்பது கடலில். ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பும் படகுக்கு, இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் எழுதியிருக்கவில்லை. இருட்டில், நீரோட்டத்தில், வலை இழுக்கும் மும்முரத்தில் கோடு எங்கே என்று யார் பார்ப்பது? சென்னையின் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி, அலை உயரம், காற்று, மீன் கிடைக்கக்கூடிய பகுதி ஆகியவற்றோடு, எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கவும் செய்கிறது. ஜிபிஎஸ் கேட்பதற்கு டவர் வேண்டாம் என்பதால்தான் நடுக்கடலில் இந்த எச்சரிக்கை சாத்தியமாகிறது.

புயல் எச்சரிக்கை தயாராகிவிட்டது, கடலில் இருப்பவருக்கு அதை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வியை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இரக்கமில்லாமல் கேட்டது. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் ஊமையாகிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களோ நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர்கள். அதற்குப் பிறகு 2019 அக்டோபரில் மத்திய அரசு ‘ஜெமினி’ என்ற சிறு பெட்டியை அறிமுகம் செய்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை அந்தப் பெட்டி வாங்கி, புளூடூத்தில் மீனவரின் சாதாரண ஸ்மார்ட்போனுக்குக் கொடுக்கும். செய்தி அவரவர் மொழியில் திரையில் வரும். குறையும் உண்டு, இது ஒருவழிப் பாதை. கேட்கலாம், ‘காப்பாற்றுங்கள்’ என்று திருப்பிச் சொல்ல முடியாது.

படகில் இன்னொரு தொல்லை, ஈரக் கை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தி வலை ஒன்று பரவியிருக்கிறது. விரல் தொட்ட இடத்தில் மின்புலம் சற்றே மாறுவதை வைத்துத்தான் போன் நம் தொடுகையை அறிகிறது. 1965-லேயே இங்கிலாந்தின் மால்வர்ன் ரேடார் ஆய்வகத்தில் ஈ.ஏ.ஜான்சன் இந்த முறையை விவரித்து எழுதிவிட்டார். தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், உப்புத் தண்ணீர் இன்னும் நன்றாகவே கடத்தும். ஆகவே மழைத்துளி விழுந்தால் போன் அதையும் விரலென்று நினைத்துத் தானாகவே யாருக்காவது போன் போடும். தடித்த கையுறை போட்டால் நேர்மாறு, ஒன்றுமே நடக்காது. மாவுக் கையோடு சமையலறையில் நிற்பவர்களுக்குக் குரல்தான் கைகொடுக்கும். 2017 ஆகஸ்டிலிருந்து கூகுள் விசைப்பலகை தமிழைக் காதால் கேட்டு எழுதுகிறது, மைக்கைத் தொடுவதற்கு மட்டும் ஒரு விரலைத் துடைத்துக்கொண்டால் போதும். அந்த மைக்குக்கான துளையைச் சிம் கார்டு ஊசியால் குத்தித் ‘தூசு எடுக்கிற’ பழக்கம் மட்டும் வேண்டாம், போனோடு பேசும் வாய்ப்பு அத்தோடு போய்விடும்.

கேமராவுக்கும் படம் எடுப்பதைத் தாண்டி ஒரு வேலை உண்டு. டிவி ரிமோட் வேலை செய்யவில்லையா? பேட்டரியை மாற்றுவதற்கு முன் அதன் முனையைப் போனின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி அழுத்துங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி, திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ மினுங்கினால் ரிமோட் நலம். கோளாறு டிவியில்.

வீட்டில் டேப் (டேப்லெட்) ஒன்று சும்மா கிடந்தால் பள்ளிப் பிள்ளைகளிடம் ‘ஃபைஃபாக்ஸ்’ செயலியைக் காட்டலாம். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் 2016-ல் வெளியிட்ட இலவசச் செயலி இது. போனை ஒரு பையில் போட்டுக் கயிற்றில் கட்டி ஊசலாட விட்டால், ஆட்டத்தின் நேரத்திலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டுத் தரும். ஆடிக்கொண்டிருப்பது போன், ஒரே வைஃபையில் இணைந்த டேப்பின் திரையில் ஓடுவது அதன் வரைபடம். பாரோமீட்டர் உள்ள போனை லிஃப்டில் எடுத்துப் போனால், ஏறும் வேகத்தையும் சொல்லும். மாடிக்கு மாடி காற்றழுத்தம் குறைவதே அதற்குத் துப்பு. பாடப்புத்தகத்தில் 9.8 என்று மனப்பாடம் செய்த எண்ணைப் பிள்ளைகள் தாமே அளந்து பார்த்தால் கிடைக்கும் முகமலர்ச்சியை எந்தக் கார்ட்டூனும் தராது.

ஒரு போனின் சென்சார் இவ்வளவு செய்தால், கோடிக்கணக்கான போன்கள் சேர்ந்தால்? கூகுள் 2020-ல் தொடங்கி, 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கும் கொண்டுவந்த நிலநடுக்க எச்சரிக்கை அந்த யோசனையில் பிறந்தது. மேஜையில் அசையாமல் கிடக்கும் ஆண்ட்ராய்டு போன்கள் முதல் அதிர்வை உணர்ந்து தகவல் அனுப்புகின்றன. ஒரே ஊரில் ஒரே நேரத்தில் பல போன்கள் அப்படிச் சொன்னால் நிலநடுக்கம் என்று முடிவாகிறது. அதிர்வலை நிலத்தில் விநாடிக்குச் சில கிலோமீட்டர்தான் போகும், செய்தியோ ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும். அந்த இடைவெளியில் கிடைக்கும் சில விநாடிகள், மேஜைக்கு அடியில் நுழையப் போதும். ஆனால் முழுதாக நம்பிவிடவும் முடியாது. 2023 பிப்ரவரியில் துருக்கியை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தின் வலிமையை இது குறைத்து மதிப்பிட்டது. மிக அவசர எச்சரிக்கை போயிருக்க வேண்டிய பெரும்பாலானோருக்குப் போகவே இல்லை.

உணர்வது என்று வந்துவிட்டால் ஒட்டுக்கேட்பதும் வந்துவிடும். கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்கும் செயலி, அசைவுச் சென்சாருக்குப் பொதுவாகக் கேட்பதில்லை. பக்கத்தில் பேசும் பேச்சின் அதிர்வைக் கைரோஸ்கோப்பை வைத்தே ஓரளவு இனம்காண முடியும் என்று 2014-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண்ட்ராய்டின் 12-ஆம் பதிப்பிலிருந்து, தனி அனுமதி பெறாத செயலி எத்தனை வேகத்தில் இந்தச் சென்சாரைப் படிக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இனி வாங்கும் விஷயம். மலிவு போன்களில் செலவைக் குறைக்க முதலில் கழற்றப்படுபவை கைரோஸ்கோப்பும் திசைகாட்டியும்தான். அப்படிப்பட்ட போனில் மேப்பைத் திறந்தால் நீலப் புள்ளி இருக்கும், அதிலிருந்து விரியும் வெளிச்சக் கூம்பு இருக்காது. நாற்சந்தியில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல், நாலு அடி தப்பாகப் போய்த் திரும்ப வேண்டியதுதான். டேப்பில் இன்னும் கவனம் வேண்டும். சிம் போட முடியாத, வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது, மலிவான டேப்கள் பலவற்றிலும் அப்படியே. படிக்க, படம் பார்க்க, பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேச அது போதும். காரில் வழிகாட்டியாக வைத்துக்கொள்ள வாங்கினால் பணம் வீண்.

கடையில் டெமோ போன் கையில் கிடைத்தால், செல்ஃபி எடுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மேப்பைத் திறந்து அந்தக் கூம்பு இருக்கிறதா, போனைத் திருப்பினால் கூடவே திரும்புகிறதா என்று பாருங்கள். சாம்சங் போன்கள் பலவற்றில் டயல் செய்யும் இடத்தில் *#0*# என்று அடித்தால் சோதனைப் பக்கம் திறக்கும், ‘சென்சார்’ என்பதைத் தொட்டால் உள்ளே இருப்பவை எல்லாம் எண்களாக ஓடும். மற்ற நிறுவனங்களுக்கு, அவற்றின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலில் கடைசிப் பக்கம் வரை போக வேண்டும். சென்சார்களின் வரிசை பெரும்பாலும் அங்கேதான், பொடி எழுத்தில் இருக்கும்.